எக்ஸ்ரேகாரம்மா வீட்டுக் கடல்

அந்தத் தெருவில் அவளுக்கு எக்ஸ்ரேகாரம்மா என்றே பெயர். தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், எதிர்வீட்டுக் குழந்தையும் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. "மூச்சை இழுங்க, அப்படியே பிடிச்சுக்குங்க, ம், விடுங்க" என்று ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்வாள் என்பதற்குக் கணக்கே இல்லை. வீட்டிலும் சில சமயம் அது வாய் தவறி வந்துவிடும். ஒரு தடவை கணவர் தும்மப் போகும்போது சொல்லிவிட்டாள். பாவம், மனிதர் பாதித் தும்மலோடு நின்றுபோனார்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரெல்லாம் மாஸ்டர் என்று கூப்பிடும். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதைக் கண்டு பதறினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அடுப்பில் பால் பொங்கினாலும் பிரேக்தான். வீட்டில் மூன்றாவது ஆள் மாஸ்டரின் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே தலை நரைத்து, ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். கல்யாணம் என்ற பேச்சைப் பக்கத்திலேயே வரவிடாதவர். அவருடைய காது சாமானியக் காது அல்ல. மாடிவீட்டில் யாராவது செருப்பைக் கழற்றினால், "வலது கால் செருப்பு வார் அறுந்திருக்கு" என்பார்.

நாத்தனாருக்கும் எக்ஸ்ரேகாரம்மாவுக்கும் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. ஆனால் ஒட்டி உறவாடியதும் கிடையாது. "சாப்பிட்டீங்களா அண்ணி?" "ஆச்சும்மா." இந்த அளவிலேயே வருஷங்கள் ஓடியிருந்தன.

இப்படி இருந்த வீட்டுக்குள் கடல் வந்த கதை ஓர் உடைந்த மணிக்கட்டில் ஆரம்பித்தது. அலங்கார மீன் கடை வைத்திருந்த ஒருவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, கையைத் தாங்கிப் பிடித்தபடி படம் எடுக்க வந்தார். திரையில் தன் எலும்பைப் பார்த்ததும் வலியை மறந்துவிட்டார். "அட, இது நம்ம கடையில இருக்கற கொம்புப் பவளம் மாதிரியே இருக்கேம்மா. ஒரு நாள் வந்து பாருங்க" என்றார். எத்தனையோ நோயாளிகள் எத்தனையோ சொல்லிவிட்டுப் போவார்கள், அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதை மட்டும் ஏனோ போட்டுக்கொண்டாள். வேலை முடிந்து போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, நீல வெளிச்சத்தில், கல்லும் இல்லாமல் செடியும் இல்லாமல் பூவும் இல்லாமல் எல்லாமாகவும் இருந்த உயிர்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. பச்சை விரல்கள். ஊதாத் தட்டுகள். நாளெல்லாம் கறுப்பு வெள்ளையில் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது திகட்டத் திகட்டக் கிடைத்த விருந்து. இடம் விட்டு நகர மனசே வரவில்லை. கடைக்காரர் மாவுக்கட்டு போட்ட கையோடு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

அதன்பிறகு என்ன, வழக்கமாக வீட்டுக்கு வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது வாடிக்கையாகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"கூடத்துல ஒரு கடல் தொட்டி வைக்கப் போறேன்."

மாஸ்டரின் கால் மேஜைக்கு அடியில் பிரேக்கைத் தேடியது. "மீன் தொட்டியா?"

"மீன் ரெண்டு மூணு இருக்கும். முக்கியமா பவளம். மேல ஒரு தொட்டி, கீழ அலமாரிக்குள்ள ஒரு சம்ப்."

"சம்ப்புன்னா? தரையைத் தோண்டணுமா?"

"தோண்ட வேண்டாங்க. அது கண்ணாடிப் பெட்டி. மேல இருந்து தண்ணி பைப் வழியா கீழ இறங்கும், அங்க அழுக்கெல்லாம் கழிஞ்சு, மோட்டார் திரும்ப மேல ஏத்தும்."

நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தச் சுவரோரம்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க ரூம் சுவரோரந்தான் அண்ணி. வேற இடமில்ல."

"ம்" என்றார் நாத்தனார். அந்த 'ம்'முக்குப் பல அர்த்தம் சொல்லலாம், நல்ல அர்த்தம் ஒன்றும் இல்லை.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்று மாஸ்டர் சொன்னார். எக்ஸ்ரேகாரம்மா கேட்கவில்லை. தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். விடுமுறை நாட்களில் கூடம் பட்டறையாக மாறியது. மாஸ்டர் பிவிசி பைப்பைப் பிடித்துக்கொள்வார், அவள் ஹாக்சா ரம்பத்தால் அறுப்பாள். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, எல்போ என்கிற வளைவுத் துண்டுக்குள் செருகிக் கால்வாசி திருப்ப வேண்டும். பசை தடவிவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது, உடனே இறுகிவிடும். ஒவ்வொரு செருகலுக்கும் மாஸ்டர் தரையை ஓங்கி அழுத்தினார். அப்படியும் ஓர் எல்போ கோணிக்கொண்டு, சுவரைப் பார்க்க வேண்டியது சமையலறையைப் பார்த்தது. "ரிவர்ஸ் எடுக்க முடியாதா?" என்று கேட்டார் மாஸ்டர். முடியாது. அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தார்கள்.

முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். மோட்டார் ஓடியது. மேல்தொட்டி நிறைந்து, மூலையில் சீப்புப் பல் போல வெட்டியிருந்த தடுப்பைத் தாண்டி, பைப்பில் விழுந்து கீழே போனது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எக்ஸ்ரேகாரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "கரண்ட் போனா என்னாகும்?" என்று நாத்தனார் தன் அறை வாசலிலிருந்து கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது அண்ணி. பாருங்க" என்று சொல்லி சுவிட்சை அணைத்தாள்.

ஆனது. மோட்டார் நின்றதும், மேலே ஏற்றுகிற பைப்பே தண்ணீரைத் தலைகீழாக உறிஞ்சிக் கீழே இறக்க ஆரம்பித்தது. கீழ்ப்பெட்டி நிறைந்து, அலமாரிக் கதவைத் தாண்டி, கூடமெல்லாம் தண்ணீர். மாஸ்டரின் செருப்பு வாசலை நோக்கி ஜோடியாக நீந்திப் போயிற்று. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எக்ஸ்ரேகாரம்மா நின்றபோது, நாத்தனார்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இழுத்துப் பிடித்தார். உறிஞ்சல் நின்றது.

"காத்து உள்ள போகணும்ல. அதான்" என்றார்.

அன்று மூன்று பேரும் சேர்ந்து தரையைத் துடைத்தார்கள். மறுநாள் அந்தப் பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி வைத்து, மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டையும் போட்டாள். கீழ்ப்பெட்டியில் கொஞ்சம் காலி இடமும் விட்டாள். இப்போது சுவிட்சை அணைத்தால், தண்ணீர் சற்றே இறங்கும், ஓட்டை வழியாகக் காற்று புகும், அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்தது என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. அடுத்தது சத்தம். பைப்பில் இறங்குகிற தண்ணீர் காற்றையும் சேர்த்து விழுங்கிக் கொண்டு போனதால் கடகடவென்று ஓயாத ஓசை. நாத்தனார் ஒரு காலையில் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடிய விடிய வாய் கொப்பளிக்கறாங்க. கொப்பளிச்சாத்தான் பரவாயில்ல, துப்பவே மாட்டேங்கறாங்க."

மாஸ்டர் சிரித்துவிட்டார். எக்ஸ்ரேகாரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஆசைக்காக இன்னொருத்தர் தூக்கத்தைக் கெடுப்பதா என்று மனசு உறுத்தியது. பைப்புக்குள் பஞ்சைத் திணித்தாள். பைப்பின் வாய்க்கு மூடி போட்டு, அதில் துளை போட்டாள். கொப்பளிப்பு குறட்டையாக மாறியதே தவிர நிற்கவில்லை. போதும் போதும் என்று ஆகி, எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்துவிட்டாள்.

கடைக்காரர் வழி சொன்னார். இறங்குகிற பைப்பில் அடியில் ஒரு கேட் வால்வு வைக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் பைப்பு முழுக்கத் தண்ணீரே நிற்கும், காற்றுக்கு இடமிருக்காது, சத்தமும் இருக்காது. அதிகமாக மூடினால் தொட்டி நிரம்பிவிடும் என்பதற்காகப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் வாய் வைத்து, இன்னொரு பைப்பு காவலுக்கு நிற்கும். கேட்க எளிதாக இருந்தது. மோட்டார் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து வால்வைத் திருகுகிறவருக்கு மோட்டார் சத்தந்தான் கேட்கும், பைப்பில் நடப்பது தெரியாது என்பதுதான் சிக்கல்.

வால்வை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தயங்கித் தயங்கி நாத்தனார் அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, ஒரு உதவி. உங்க காதைக் கொஞ்சம் கடன் தரணும்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் அவருடைய காதைக் குறை சொன்னவர்கள் உண்டு, கேட்டு வந்தவர்கள் கிடையாது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்து. நான் கட்டில்லயே இருக்கேன். ஒரு தட்டு தட்டினா மூடு, ரெண்டு தட்டினா தொற."

எக்ஸ்ரேகாரம்மா அலமாரிக்குள் தலையை விட்டாள். சுவரில் ஒரு தட்டு. மூடினாள். மறுபடி ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் மூடினாள். ரெண்டு தட்டு. ஐயோ, அதிகம் போலிருக்கிறது. மயிரிழை அளவு திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, யோசித்துத் தட்டியதுபோல ஒரு தட்டு. தொட்டும் தொடாமலும் திருகினாள். மாஸ்டர் தொட்டி மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தட்டே வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறந்தது.

"ஏன் மோட்டாரை நிறுத்திட்டீங்க?" என்றார் நாத்தனார்.

"நிறுத்தல அண்ணி. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

நாத்தனார் வந்து பார்த்தார். தடுப்பைத் தாண்டித் தண்ணீர் கண்ணாடித் தாளைப் போல வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இடது பைப்பில் காதை வைத்தார், வலது பைப்பில் வைத்தார். "லைன் கிளியரா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு மத்தியானத் தூக்கம் போடப் போனார்.

உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, தண்ணீர் பதமாகிற வரைக்கும் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். வருகிறவர்களெல்லாம், "என்னம்மா, கல்லுக்குப் போய் மோட்டாரா?" என்று கேலி செய்தார்கள். அதற்குள் மாஸ்டர் உத்தரத்திலிருந்து கம்பி கட்டி எல்இடி விளக்கைத் தொங்கவிட்டார். பிறகுதான் கடையிலிருந்து முதல் பவளங்கள் வந்தன: ஒரு பச்சைக் கொத்து, ஒரு ஊதாத் தட்டு, காளானைப் போல நாலைந்து. வந்த சந்தோஷத்தில் எக்ஸ்ரேகாரம்மா விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டுவிட்டாள். கூடமே கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

ஒரு வாரத்தில் பச்சைக் கொத்து உள்ளே சுருண்டுகொண்டது. ஊதாத் தட்டு வெளுக்க ஆரம்பித்தது. உப்பைச் சோதித்தாள், சூட்டைச் சோதித்தாள், எல்லாம் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன இடத்திலும் அதே நினைப்பு. அன்றைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம், எப்போதும் சொல்வதுபோல, "கதிர் தேவைக்கு மேல ஒரு துளிகூடப் படக்கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடையில் மங்கிய வெளிச்சத்தில் இருந்தவற்றைக் கொண்டுவந்து நட்டநடு வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவள் தன் வீட்டில் அளவு பார்க்கவில்லையே என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைக் கால் பங்காகக் குறைத்தாள். கம்பியைச் சுருட்டி உயர்த்தினாள். வாரத்துக்கு ஒரு சிட்டிகை கூட்டினால் போதும் என்று முடிவு செய்தாள். விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கிற டைமரையும் மாற்றி, அவள் வேலை முடிந்து வந்த பிறகும் சில மணி நேரம் பகலாக இருக்கும்படி வைத்தாள். மத்தியானம் விளக்கு எரிய ஆரம்பிக்கும்போது வீட்டில் இருப்பது நாத்தனார் ஒருவர்தான்.

இப்படிக் கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் கீழ்த்தளத்துக்குப் போன் வந்தது. வீட்டிலிருந்து நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் பேசியதே இல்லை என்பதால் எக்ஸ்ரேகாரம்மா பதறிப்போய் எடுத்தாள்.

"என்ன அண்ணி? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, பதறாத. உன் பச்சைக்காரி இருக்கால்ல, விரலை நீட்டிட்டா. ஒண்ணு ஒண்ணா நீட்டறா. ஊதாவும் ஓரத்துல கலர் பிடிக்குது. சொல்லணும்னு தோணுச்சு. வெச்சிடறேன்."

அன்றைக்கு ஜன்னலில்லாத அந்த அறையில் படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு சேவை கிடைத்தது.

அதிலிருந்து மத்தியானப் போன் வழக்கமாகிவிட்டது. யார் விரல் விரித்தார், யார் சுருண்டார், எந்த மீன் யாரை முறைத்தது என்று நாத்தனார் ஒன்று விடாமல் சொல்வார். "சாப்பிட்டீங்களா அண்ணி"யைக் கேட்க மறந்துபோன நாட்களும் உண்டு, பேச வேறு விஷயம் இருந்தது.

வருஷம் திரும்புவதற்குள் பச்சைக் கொத்து பெருத்துப் பக்கத்துக் காளானை இடிக்க ஆரம்பித்தது. வெட்டி ஒரு துண்டைக் கடைக்குக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு வாளி உப்பு தருவதாகக் கடைக்காரர் சொன்னார். எக்ஸ்ரேகாரம்மா சமையலறை மேடையில் தட்டு வைத்து, கத்தரிக்கோலும் கையுறையுமாகத் தயாரானாள். நாத்தனார் குறுக்கே வந்து நின்றார்.

"அந்தப் பெரிய கிளையைக் கொடுக்காத. அதுதான் முதல்ல விரல் நீட்டினது."

"சின்னதைக் கொடுத்தா அவர் என்ன நினைப்பாரு அண்ணி?"

"நடுவுல உள்ளதைக் கொடு. அது கொஞ்சம் மந்தம். மத்தியானம் எல்லாரும் எழுந்தாலும் அது எழுந்திருக்காது."

கொஞ்ச நேரம் வாதாடி, கடைசியில் நடுவில் உள்ளதுதான் முடிவாயிற்று. வெட்டிய துண்டைக் கல்லில் ஒட்டி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டு மூடினார்கள். மாஸ்டர் காரை எடுத்தார். பின் இருக்கையில் இரண்டு பேரும் பாத்திரத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"மெதுவா போடா, தளும்புது" என்றார் நாத்தனார்.

"இதுக்கு மேல மெதுவா போனா இறங்கித் தள்ளணும்க்கா" என்றார் மாஸ்டர்.

வளைவில் பாத்திரம் சற்றே சாய்ந்து, இரண்டு பேர் மடியும் நனைந்தது. ஒருவருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.