கெண்டியில் வெந்த சேமியா

லியென்-சிங் அக்காவைப் போல ஒரு சைவத்தை எங்கள் தெரு கண்டதில்லை. பூண்டு, வெங்காயம்கூட ஆகாது. ஊதுபத்திக் கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் தைப்பேயில். ஆகவே பக்கத்துக் கடையைத் திட்ட நேரம் தாராளமாக இருந்தது. பக்கத்துக் கடை கசாப்புக்காரன் கூன்-ஹையுடையது.

அவன் மட்டும் லேசுப்பட்டவனா? அவள் கடை திறக்கும் நேரம் பார்த்துத்தான் எலும்பு வெட்டுவான்.

"அக்கா, ஒரு பன்னி மேலோகம் போகுது. ரெண்டு பத்தி கொளுத்துங்க!"

"நீ போறப்ப கட்டுக்கட்டா கொளுத்துறேன்டா, கொலைகாரா!"

எதிரே சோயாப் பால் விற்கிற எனக்கு இந்தக் கூத்துதான் தினமும் பொழுதுபோக்கு.

அக்காவின் சொர்க்கம் மேட்டுத்தெருவில் கறி தொடாதவர்கள் நடத்திய புத்த மடம். அதன் தலைவர் பெங் ஐயா. கருணையைப் பற்றி மைக்கில் பேசும்போது அவருக்கே கண் கலங்கும். மற்ற நேரங்களில் அவர் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. மடத்துத் தரையைத் துடைப்பது, படையல் கட்டுவது எல்லாம் அக்காதான்.

ஆவிகளுக்குப் படையல் போடுகிற ஏழாம் மாசத்தில் அந்தப் புயல் வந்தது. காலையில் ஆற்றங்கரை உடைந்தது. நாங்கள் மாடிக்கு ஓடினோம். அக்கா வீட்டுக்கு மாடி கிடையாது, தகரக்கூரைக்குக் கீழே ஒரு பரண்தான். அதன் கையகலச் சன்னலிலிருந்து அவள் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

"ஐயா, தண்ணி பரணைத் தொடுது! மடத்து வண்டியை அனுப்புங்க!"

அவர் சொன்ன பதிலைப் பிறகு அவளே சொன்னாள்: "பதறாதீங்கம்மா. எல்லாமே நிலையில்லாததுதான். புத்தர் பேரைச் சொல்லிட்டே இருங்க." வண்டி மேட்டில் ஈரம்படாமல் நின்றது.

வந்தது கூன்-ஹை. தன் மாடியிலிருந்து அவள் கூரைமேல் குதித்து, எலும்பு வெட்டுகிற கத்தியால் தகரத்தைப் பிளந்து கையை உள்ளே நீட்டினான்.

"பிடிங்கக்கா!"

"கையைக் கழுவினியா?"

"ஆறே வந்து கழுவுது, போதாதா? ஏறுங்க!"

ஏறினாள். அந்த நிலையிலும் ஒரு பையை விடவில்லை. ஆவிகளுக்கு வாங்கிய சேமியாவும் காய்ந்த காளானும் அதில் இருந்தன. கூன்-ஹையிடம் அடுப்பு இருந்தது, மழைத்தண்ணீர் இருந்தது. அவள் சட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

"இதுல எத்தனை பன்னி வெந்துச்சோ!"

அவன் யோசித்துவிட்டுத் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக் காட்டினான். "இது பன்னி மூஞ்சியையே பார்த்ததில்லக்கா."

அதிலேயே சேமியா வெந்தது. கெண்டி வாய்க்குள் குச்சியை விட்டு அவன் இழை இழையாய்த் தூண்டில் போட்டதைப் பார்த்து, எதிர் மாடியில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கம்பியில் தொங்கிய சாசேஜ் சரத்தை அதற்கு முன்பே கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டிருந்தான்.

"நீயாவது ரெண்டு சாசேஜைச் சுட்டுத் தின்னேன்டா!" என்று கூவினேன்.

"அவங்க மூக்குக்கு முன்னாடியா? உன் வேலையைப் பாருண்ணே."

"ஆவிங்களுக்கு வச்சதைத் திங்கிறோமே" என்று அக்கா தயங்கினாள்.

"அதுங்களுக்கு நீச்சல் தெரிஞ்சா வந்து கேக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான்: "என் பொஞ்சாதி போனதுக்கப்புறம் இந்த மேஜைல ரெண்டாவது கிண்ணம் வைக்கிறது இன்னைக்குத்தான்கா."

அக்கா தன் கிண்ணத்துக் காளானை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் பெங் ஐயா வந்தார், பளபளக்கும் ரப்பர் பூட்ஸோடும் ஒரு புகைப்படக்காரனோடும். பிஸ்கட் பொட்டலத்தை அவள் கையில் வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க பிரார்த்தனைதாம்மா உங்களைக் காப்பாத்துச்சு."

"ஆமாங்கய்யா. அது கத்தியோட வந்துச்சு. உள்ள சாப்பிட்டுட்டிருக்கு, கூப்பிடட்டுமா? அதையும் போட்டோ எடுங்க."

ஐயாவுக்கு அடுத்த தெருவில் அவசர வேலை வந்துவிட்டது.

கசாப்புக்காரன் வீட்டுச் சோறு தின்றவள் என்று மடம் அவளைத் தள்ளிவைத்தது. முங்கப்போனவளுக்கு வண்டி அனுப்பாத புண்ணியவான்களுக்குத் தீட்டு மட்டும் நன்றாகத் தெரிந்தது. இப்போது மடத்துத் தரையை யார் துடைக்கிறார்களோ! அக்கா இன்றுவரை கறி தொடவில்லை, அவனும் கத்தியைக் கீழே போடவில்லை. ஆனால் சாயங்காலச் சாப்பாடு ஒரே மேஜையில்தான்.

போன குளிர்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. புதுவருஷத்துக்கு முந்தின நாள், கறிக்குத் தெருவே வரிசையில் நிற்கிற நாள், கூன்-ஹை கடையைச் சாத்திவிட்டு அவளுக்குக் கஞ்சி காய்ச்சினான். உப்பு கூட என்று அவள் அவனைத் திட்டியது என் கடைவரை கேட்டது.