பாட்சா மூலை

டெக்ஸஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் தமிழர்கள் கூடுகிற எந்த வீட்டிலும் அன்வர் பாட்சாவை ஆர்கிடெக்ட் என்றுதான் அறிமுகம் செய்வார்கள். சுற்றிலும் எல்லோரும் கம்ப்யூட்டர்காரர்களாக இருக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. என்ன கட்டுகிறீர்கள் அங்கிள் என்று யாராவது கேட்டால், "பப்ளிக் பில்டிங்ஸ்" என்பார். உடனே யாரோ ஒருவருடைய தட்டில் பிரியாணி குறைந்திருப்பது அவர் கண்ணில் படும், எழுந்து போய்விடுவார். பத்தொன்பது வருடமாக இந்தப் பதிலில் ஓட்டை விழவில்லை. அது பொய்யும் இல்லை. ஜெயிலைவிடப் பொதுவான கட்டடம் அமெரிக்காவில் வேறு எது இருக்கிறது?

அவருடைய கம்பெனி டெக்ஸஸின் சின்னச் சின்ன கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்கு, ஜெயில் வரைந்து கொடுக்கும் கம்பெனி. அந்தத் தொழிலில் ஆள் கணக்கு கிடையாது, படுக்கைக் கணக்குதான். கவுண்டிக்காரர்கள் வரும்போதே கையில் ஒரு கிராஃபோடு வருவார்கள். அடுத்த இருபது வருடத்தில் கைதிகள் எவ்வளவு பெருகுவார்கள் என்று அதில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும். இறங்குகிற கோட்டோடு யாரும் ஜெயில் கட்ட வருவதில்லை என்பதால் அப்படி ஒரு கோட்டை அன்வர் பாட்சா பார்த்ததே இல்லை. உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் தீர்ப்பே ஆகாதவர்கள், ஜாமீனுக்கு வழியில்லாதவர்கள் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியாது. முன்னால் காவலரின் மேஜை, அதற்கு எதிரே ஒரே திசை பார்த்த இரண்டு அடுக்கு அறைகள், மேஜையிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் தெரிய வேண்டும். இதை அவர் கண்ணை மூடிக்கொண்டே வரைவார்.

அப்படி இருந்த மனிதரைக் கெடுத்தது ஓர் இஃப்தார். மஸ்ஜிதில் நோன்பு திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் இத்ரீஸ் என்ற கறுப்பினப் பெரியவர். ஏழு வருடம் சிறையில் இருந்தவர், இப்போது வாரம் ஒரு நாள் ஜெயில்களுக்குப் போய்க் கைதிகளுக்குத் தொழுகை நடத்துகிறார். பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். ஏழு வருடமும் அவருடைய அறையில் தொழும்போது நோக்குகிற கிப்லா பக்கத்துச் சுவரில்தான் கக்கூஸ் இருந்ததாம். ஒவ்வொரு சஜ்தாவிலும் நெற்றியை அதன் முன்னால்தான் வைத்தாராம். சொல்லிவிட்டு, சகோதரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சகோதரர் பப்ளிக் பில்டிங்ஸ் என்றார்.

அன்று அன்வர் பாட்சாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீழக்கரையில் வீடு கட்டும்போது கொத்தனாரிடம் முதலில் சொல்வதே இதைத்தான்: கழிப்பறையில் உட்கார்ந்தால் மக்கா இருக்கும் திசைக்கு முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது. கொத்தனார் முருக பக்தராக இருந்தாலும் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் பன்னிரண்டு ஜெயில் வரைந்த அன்வர் பாட்சா ஒன்றில்கூட அதைப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு.

அப்போது அவர் மேஜையில் இருந்தது ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு கவுண்டியின் ஜெயில். இருநூற்று நாற்பது அறை, அறைக்கு ஒரு கட்டில். டெக்ஸஸில் கிப்லா வடகிழக்கு. சரியாக அந்தப் பக்கத்துப் பின்சுவரில்தான் கக்கூஸ் உட்கார்ந்திருந்தது. அதைப் பெயர்த்துக் கதவோரத்து மூலைக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் திருப்பினார். பின்சுவர் முழுக்கக் காலியானது. அதன் முன்னால் ஒரு தொழுகை விரிப்பை விரித்துப் பார்ப்பதுபோல அளந்தார், தாராளமாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அந்த நான்கடித் தரையை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

மீட்டிங்கில் என்ன காரணம் சொல்வது என்று மனைவி சுலைகாவிடம் கேட்டார். கம்பெனி போட்ட க்ரீன் கார்டு இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது, வேலைக்கு ஆபத்து வந்தால் அதுவும் போய்விடும். சுலைகா யோசிக்கவே இல்லை.

"மச்சான், கிப்லா அது இதுன்னு எதுக்குச் சொல்லிக்கிட்டு? ஸ்பேஸ் சேவ் ஆகும், மெயின்டெனன்ஸ் ஈஸின்னு சொல்லி அப்ரூவல் வாங்கிட்டு வாங்க. அல்லாஹ்வுக்குத் தெரியும்ல, அது போதும்."

அப்படியே செய்தார். குழாய் வேலைக்காரர் அறைக்குள் போகாமல் வராந்தாவிலிருந்தே ரிப்பேர் பண்ணலாம், பின்சுவரில் இடம் மிச்சமாகும் என்று குறிப்பு எழுதினார். அதுவும் உண்மைதான், ஆனால் அவருடைய உண்மை அது இல்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல். மிச்சமாகும் என்ற சொல்லைக் கேட்டு அந்த ஊரில் யாரும் சும்மா இருந்ததில்லை என்பதை அன்வர் பாட்சா அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனார்.

இரண்டு வாரத்தில் வரைபடம் திரும்பி வந்தது. காலியான பின்சுவரில் இன்னொரு கட்டில் போட்டிருந்தார்கள். இருநூற்று நாற்பது அறைக்கு நானூற்று எண்பது படுக்கை. கவுண்டிக்காரர்கள் கைதட்டினார்களாம். ஒரு செங்கல்கூடக் கூடாமல் ஜெயில் இரண்டு மடங்கானது. கம்பெனியில் அந்த அமைப்புக்கு 'பாட்சா மூலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்வர் பாட்சா வாய் திறந்து, அந்த இடம் வேறு எதற்கோ என்று சொல்லிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார் மேலாளர். நகர்வதற்கு என்றார் இவர். கைதிகள் எங்கே நகரப்போகிறார்கள் என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

ஜெயிலைத் திறக்கும் முன் ஊர் ஜனங்களைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். குழந்தைகள் கம்பிக் கதவுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன, குக்கீ கொடுத்தார்கள். கூட்டத்தில் இத்ரீஸும் வந்திருந்தார். ஓர் அறைக்குள் போனார், யாரையும் கேட்காமல் வடகிழக்கே திரும்பினார், அந்தச் சுவரில் கக்கூஸ் இல்லை, அது பின்னால் கதவோரத்து மூலையில் இருப்பதைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மண்டியிட்டுக் குனிந்தார். நெற்றி வைக்கிற இடத்தில் இரண்டாவது கட்டிலின் இரும்புக் கால் இருந்தது.

மூலையை இப்படித் திருப்பியது யார் என்று கேட்டார். மேலாளர் பெருமையோடு அன்வர் பாட்சாவின் தோளில் கைபோட்டு இழுத்து வந்து நிறுத்தினார். பார்க்கிங்கில் வந்துதான் இத்ரீஸ் கேட்டார், திசை தெரிந்துதான் செய்தாயா என்று. இவர் எல்லாவற்றையும் சொன்னார், உங்களுக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னார்.

"இதை எங்கே எழுதினாய்?" என்று கேட்டார் இத்ரீஸ்.

எங்கும் எழுதவில்லை என்றார் அன்வர் பாட்சா.

"எழுதியிருந்தால் அந்தச் சுவர் தொழுகைக்கு என்று ஆகியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். இப்போது நீ எழுதியது வெறும் காலி இடம். காலி இடத்துக்காக நான் எப்படிச் சண்டை போடுவேன், சகோதரா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அன்வர் பாட்சாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இருபது வருடத்துக்குத் தாங்கும் என்று சொன்ன ஜெயில் பதினான்கு மாதத்தில் நிரம்பியது. காலிப் படுக்கை இருக்கிறது என்றதும் பக்கத்து கவுண்டிகள் ஆள் அனுப்பின, இருக்கிறதே என்று நீதிபதிகளும் அனுப்பினார்கள். ஏறுகிற கோடு சரியாகத்தான் ஏறியது என்று எல்லோருக்கும் திருப்தி. அடுத்த கவுண்டி வந்தபோது அன்வர் பாட்சா வரைபடத்தில் அறையின் பின்சுவரில் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதினார்: கிப்லா திசை, தொழுகைக்கான இடம், இங்கே கட்டில் கூடாது. மேலாளர் அதைப் படித்துவிட்டு மென்மையாகத்தான் பேசினார். அன்வரின் உணர்வை மதிப்பதாகவும், ஆனால் கவுண்டி பாட்சா மூலையைப் பெயர் சொல்லியே கேட்டிருப்பதாகவும், குறிப்பை அழித்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார்.

"நான் அழிக்க மாட்டேன்" என்றார் அன்வர் பாட்சா. பத்தொன்பது வருடத்தில் அந்த ஆபீஸில் அவர் சொன்ன முதல் மாட்டேன்.

யாரும் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, அதட்டக்கூட இல்லை. அடுத்த நாள் காலையில் கோப்பைத் திறந்தபோது குறிப்பு இருந்த இடத்தில் கட்டில் இருந்தது. வரைந்தவர் என்ற கட்டத்தில் அன்வர் பாட்சா என்று இருந்தது, அதை மட்டும் யாரும் அழிக்கவில்லை.