மூன்றாம் மாடத்து லூகிச்

லூகிச் முதலில் செருப்பைப் பார்க்கிறார். சீட்டை நீட்டும் கை அவர் மூக்குக்கு நேரே காத்திருக்கும். அவர் குனிந்து, பூட்ஸின் விளிம்பில், பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் வெள்ளைக் கறை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டின் ஓரத்தைக் கிழிப்பார். கறை இருந்தால் அந்த ஆள் வாழ்க்கையில் முதல் தடவையாக பாலே பார்க்க வந்திருக்கிறார் என்று பொருள். பழகியவர்கள் வேறொரு ஜோடியைத் துணிப்பையில் கொண்டுவந்து, கீழே கோட்டுகளை ஒப்படைக்கும் இடத்திலேயே மாற்றிக்கொண்டு ஏறுவார்கள்.

"முதல் தடவையா?" என்று அன்று ஒருவரைக் கேட்டார். வெளியூர்க்காரர், லூகா என்ற நகரத்தில் பேருந்து ஓட்டுநர். பக்கத்தில் மனைவி, கழுத்தில் புதுப் பாசிமணி.

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலு சொல்லுது. பரவால்ல, உக்காந்துட்டா யாரும் பாக்க மாட்டாங்க. கீழ பைனாகுலர் வாடகைக்கு எடுத்தீங்களா?"

"எதுக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"கண்ணுக்கு இல்ல தம்பி. பைனாகுலர் எடுத்தவங்களுக்குத் திரும்பிப் போறப்ப க்யூ கிடையாது, கோட்டு உடனே கைக்கு வந்துரும். ஆயிரத்து இருநூறு பேர் ஒரே நேரத்துல கோட்டு கேக்குற கூத்த நீங்க பாத்ததில்ல."

மனைவி சிரித்தாள். ஓட்டுநர் பைனாகுலர் எடுக்க மூன்று மாடி இறங்கினார்.

கால்வாய்க்கரை அரங்கில் மூன்றாம் மாடம்தான் மிக உயரமானது, மிக மலிவானது. முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்வார்கள். அந்த மாடத்தின் இடது கதவு வெனியமீன் லூகிச்சின் பொறுப்பு. வெனியமீன் என்று அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இயக்குநர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் லூகிச்தான். வயது அறுபத்து நான்கு. அகலமான தோள். அரங்கு கொடுத்த கருஞ்சிவப்புச் சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். முப்பத்தோரு ஆண்டுகள் டிராம் பணிமனையில் பிரேக் சரிபார்த்தவர். ஓய்வு பெற்று ஆறு ஆண்டு ஆகியும் நகக்கண்ணில் இருக்கும் கருப்பு போகவில்லை.

சட்டைப்பையில் ஒரு தகர டப்பி. அதில் இருமலுக்கான மிட்டாய்கள், தாள் உரிக்கப்பட்டவை. மிட்டாயை வீட்டிலேயே உரித்து, ஒட்டாமல் மாவு தூவிக் கொண்டுவருகிறார். இருமலைக்கூட அவர் மன்னிப்பார். ஆட்டத்தின் நடுவே மிட்டாய்த்தாள் சரசரப்பதை மன்னிக்க மாட்டார்.

"வரிசைக்குள்ள போறப்ப உக்காந்திருக்கவங்க பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போங்க" என்பார். "முதுகக் காட்டிக்கிட்டு நுழைஞ்சா நாலு பேர் திட்டுவாங்க. தூக்கம் வந்தா தூங்குங்க, தப்பில்ல. குறட்டை மட்டும் விடாதீங்க. பூ வாங்கிட்டு வந்திருந்தா எண்ணிக்கிடுங்க, ஒத்தப்படையா இருக்கணும். ரெட்டப்படை சாவுக்குத்தான். மேடையில வீசக்கூடாது. எங்கிட்ட குடுங்க, கடைசியில கொண்டுபோய்க் குடுப்பாங்க."

கதை தெரியாமல் வருகிறவர்களை அவர் சும்மா உள்ளே விடுவதில்லை. ஆட்டம் தொடங்குமுன் அடிக்கும் மூன்று மணிகளில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே, கதவோரம் நின்று, அந்தத் தடித்த கைகளாலேயே பாடம் எடுப்பார். "யாரும் பேச மாட்டாங்க. கைதான் பேச்சு. தலைக்கு மேல கையச் சுத்துனா, வா ஆடலாம். மோதிர விரலத் தொட்டா கல்யாணம். ரெண்டு விரலத் தூக்கி வானத்தக் காட்டுனா சத்தியம் பண்றான், அப்பவே தெரிஞ்சுக்குங்க, மீறப் போறான். முஷ்டிய மடக்கி மணிக்கட்டு மேல மணிக்கட்டு வெச்சா, முடிஞ்சுது, யாரோ சாகப் போறாங்க. அவ்வளவுதான் பாலே. மிச்சமெல்லாம் காலு."

கைதட்டலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். "சங்கீதம் சட்டுன்னு நிக்கும். எல்லாரும் அசையாம நிப்பாங்க. முடிஞ்சுதுன்னு தட்டிராதீங்க. ஸ்டாப்புல நிக்கிறது வேற, சிக்னல்ல நிக்கிறது வேற. பக்கத்துல இருக்கவங்க தட்டுனப்புறம் தட்டுங்க. அதுவரைக்கும் கைய மடியில வெச்சுக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சுபோயிராது."

இதை அவர் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. செய்யக்கூடாது என்று அவர் சொல்லும் அத்தனையையும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மாலையில் அவரே செய்து முடித்தவர்.

அவருடைய மகள் ஸோயாவுக்கு, வீட்டில் செல்லமாக ஸோய்கா, அப்போது பத்தொன்பது வயது. அந்த ஆண்டுதான் அரங்கின் குழுவில் சேர்ந்திருந்தாள். ஆலைக்குளத்தில் மூழ்கி இறந்த பெண்கள் இருபத்து நான்கு பேர், வெள்ளை உடையில், நான்கு வரிசையாக வரும் ஆட்டம். கடைசி வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஸோயா. லூகிச் பணிமனையிலிருந்து நேரே, எண்ணெய் நாறும் பூட்ஸுடன் வந்தார். கோட்டைக் கழற்றிக் கொடுக்க மறுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடைவேளை வரை பொறுக்காமல், உப்புமீன் வைத்த ரொட்டியைப் பிரித்துத் தின்றார். இரண்டாம் பாகத்தில் இசை நின்றது. இருபத்து நான்கு பெண்களும் ஒற்றைக் காலில் உறைந்து நின்றார்கள். லூகிச் எழுந்து நின்று கை தட்டி, "ஸோய்கா, எங்க ஸோய்கா" என்று கத்தினார்.

அரங்கே சிரித்தது. அது பரவாயில்லை. மேடையிலும் ஒரு பெண் சிரித்துவிட்டாள். கடைசி வரிசை ஆடிப்போனது.

பயிற்சியாசிரியை எல்லோர் முன்னிலையிலும் ஸோயாவை நிறுத்தி வைத்துப் பேசினாள். இரண்டு ஆண்டுகள் அவளுக்கு உடை மாற்றும் அறையில் 'எங்க ஸோய்கா' என்பதே பெயர். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே நீ வராத அப்பா" என்றாள். லூகிச் தலையாட்டினார்.

தாய் இல்லாத வீடு. நோயில் படுத்து அவள் போய் ஏழு ஆண்டு ஆகியிருந்தது. அப்பாவும் மகளும் அதற்குமேல் அந்த மாலையைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

நான்கு ஆண்டு ஆடினாள். இருபத்து மூன்றாவது வயதில், ஒத்திகையில் குதித்து இறங்கியபோது கணுக்கால் முறிந்தது. இரண்டு முறை அறுத்துத் தைத்தும் எலும்பு பழையபடி சேரவில்லை. அரங்கு ஒரு நன்றிக் கடிதமும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பியது. ஸோயா மருந்தகப் படிப்புப் படித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாலே என்ற சொல்லை அவள் எதிரில் யாரும் எடுப்பதில்லை.

ஆகவே லூகிச் ஓய்வு பெற்ற கையோடு அதே அரங்கில் கதவுக்காரராகச் சேர்ந்தபோது அவள் திகைத்துப்போனாள். "ஊர்ல வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்டாள். "என் கால முறிச்ச வீடு அது. அந்த வீட்டுக்குக் கதவு தொறந்துவிடவா போற?" அதன்பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. புத்தாண்டன்று அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். "ரத்த அழுத்தம் எவ்வளவு? மாத்திரை இருக்கா? சரி" என்று இரண்டு கேள்வியோடு வைத்துவிடுவாள்.

ஆட்டம் முடிந்தபின் யாராவது, "நாயகி எப்படி?" என்று கேட்டால் லூகிச் விழிப்பார். நாயகியை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. "கடைசி வரிசை நேரா இருந்துச்சு" என்பார். முதல் தடவை வருகிறவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்புவார். "நடுவுல ஆடுறவள எல்லாரும் பாப்பாங்க. நீங்க பத்து நிமிஷமாவது பின்னால நிக்கிறவங்களப் பாருங்க. அசையாம நிக்கிறதுதான் அங்க கஷ்டமான வேலை. அதுக்கு யாரும் கை தட்டுறதில்ல."

பேருந்து ஓட்டுநர் வந்த அதே பிப்ரவரி மாலையில், இரண்டாம் பாகம் தொடங்கிக் கதவைச் சாத்தியதும், சுவரிலிருந்த உள்தொலைபேசி மினுங்கியது. கீழே கோட்டறையிலிருந்து, கோட்டுகளை வாங்கி வைக்கும் நீனெல் பெத்ரோவ்னா. அவளுக்கும் லூகிச்சுக்கும் நாள் தவறாமல் ஒரு சண்டை உண்டு. அன்று அவள் குரலில் சண்டை இல்லை.

"லூகிச், உங்க பொண்ணு வந்திருக்கா. கோட்டக் கழட்ட மாட்டேங்குறா. மேல ஏறி வந்துக்கிட்டிருக்கா, நான் தடுக்கல."

"லிஃப்ட் இருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். படி தெரியும்னு சொல்லிட்டா."

லூகிச்சால் கதவை விட்டு இறங்க முடியாது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்று கேட்டார். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தது அந்த ஓசை. மேலே வந்தபோது தோளில் பனி உருகிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வயது. கன்னத்தில் சதை வற்றி, தன் தாயைப் போலவே ஆகியிருந்தாள்.

"மகதானுக்குப் போறேன்" என்றாள், மூச்சு வாங்க. "அங்க ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை. ஞாயித்துக்கெழம விமானம்."

"அவ்வளவு தூரமா?"

"தூரம்தான்."

உள்ளே குழலிசை மெல்லத் தொடங்கியது. அன்றும் அதே ஆலைக்குளத்து ஆட்டம்தான், குளத்தின் பெண்கள் வரும் நேரம். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் ஸோயா. "ஃபோன்ல கேட்டா நீ மழுப்பிருவ. ஏன் இங்க வந்து நிக்குற?"

லூகிச் கதவைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"பழகிப்போச்சு" என்றார்.

"ஆறு வருஷத்துலயா?"

"அதுக்கும் முன்னாடி." அவர் சாத்திய கதவைக் காட்டினார். "நீ வராதன்னு சொன்னப்புறமும் வந்தேன். இதே மாடம்தான். அந்தக் கோடியில ஒரு தூண் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி நின்னுக்குவேன். நாலு வருஷத்துல அறுபத்தோரு தடவ. நீ ஆடுன ஆட்டத்த நான் அதிகமா விடல. கை தட்டல. சத்தியமா ஒரு தடவகூடத் தட்டல. ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே எறங்கிப் போயிருவேன், நீ வெளிய வர்றப்ப கண்ல பட்டுருவேனோன்னு."

அவர் எதிர்பார்த்தது என்னவென்று அவருக்கே தெரியாது. அவள் முகம் இளகும் என்று நினைத்திருக்கலாம். ஸோயா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அறுபத்தோரு தடவ" என்றாள்.

"எண்ணி வெச்சிருக்கேன்."

"மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் யாராவது வந்திருப்பாங்க. திரை எறங்குனதும் ஓடிப்போய் எந்த வரிசை, எங்க உக்காந்தாங்கன்னு பேசிக்குவாளுங்க. நான் முக்காடு மாதிரி துண்டப் போட்டுக்கிட்டு மொகம் கழுவுவேன். நாலு வருஷம், என்னைப் பாக்க ஒரு ஆள் இல்லன்னு நெனச்சுக்கிட்டேதான் ஆடினேன்." குரல் உயரவில்லை. மருந்துச்சீட்டைப் படிப்பது போல் சொன்னாள். "ஒரு தடவ சொல்லியிருக்கக்கூடாதா அப்பா?"

"நீதானே வராதன்னு சொன்ன."

"சொன்னேன். பத்தொம்பது வயசுல சொன்னேன்."



உள்ளே வயலின்கள் சேர்ந்தன. கடைசி வரிசை நகரும் இடம். ஸோயா கதவை வெறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் இடது உள்ளங்கையில் வந்து நின்றன, இரு கால்கள் போல. ஒரு விரல் வழுக்கிப் பின்னால் போனது, சேர்ந்தது, எழும்பியது, மறுபடி வழுக்கியது. ஆடுகிறவர்கள் உடம்பைக் களைக்க விடாமல் ஆட்டத்தை நினைவில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அது. தன் விரல்கள் செய்வதை அவள் அறியவில்லை. பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் ஒரு அடி தப்பவில்லை.

"உள்ள வர்றியா?" என்றார் லூகிச். "மூணாவது மணிக்கப்புறம் யாரையும் விடுறதில்ல. உன்ன விடுறேன்."

விரல்கள் நின்றன. அவள் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"வேண்டாம். அந்த எடத்துல இப்ப வேற ஒருத்தி நிப்பா."

"விமான நிலையத்துக்கு வரட்டுமா?"

"காலையில அஞ்சரைக்கு விமானம். உனக்கு பஸ்ஸு கிடைக்காது" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவருடைய சட்டையின் கையைப் பிடித்து மணிக்கட்டு வரை இழுத்துப் பார்த்தாள், எட்டவில்லை, விட்டுவிட்டாள். "மாத்திரைய காலையில போடு. ராத்திரி போடாத" என்று சொல்லி இறங்கத் தொடங்கினாள்.

ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. இரண்டாம் மாடி, முதல் மாடி. கீழே நீனெல் ஏதோ கேட்பதும் இவள் ஏதோ சொல்வதும் எழும்பி வந்தன. பிறகு வெளிக்கதவின் கனமான ஓசை.

உள்ளே இசை சட்டென்று நின்றது. லூகிச் மூச்சைப் பிடித்துக்கொண்டார். யாரும் தட்டவில்லை. வயலின்கள் திரும்பவும் எழுந்தன.

அவர் இடது உள்ளங்கையை விரித்தார். கருப்பேறிய இரண்டு தடித்த விரல்களை அதன்மேல் நிறுத்தினார். ஒரு விரலை வழுக்கிப் பின்னால் கொண்டுபோனார், சேர்த்தார், எழுப்பினார். நான்காவது அடியில் விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வைத்தார்.