கயிறில்லாமல் போனவன்

கல்முனையில் விளம்பரப் பெனர் அச்சடிக்கும் ஒரு கடையில் படம் வரைபவள் மருதமுனை றுஸ்னா. கல்யாண வாழ்த்து, தேர்தல் முகம், கடைப் பெயர் என்று எது வந்தாலும் கணினியில் வரைந்து முடிப்பாள். காரைதீவு விஞ்ஞான ஆசிரியர் பிரசாந் கொண்டுவந்த வேலைதான் புதிது. சந்திரனுக்கு ஆள் போன காலத்திலேயே, சிறுகோள்களில் மனிதரை இறக்கவும் யோசித்திருந்தார்களாம். பாடசாலைக் கண்காட்சிக்கு அதைப் படமாக்க வேண்டும்.

"அங்க நடக்க ஏலாது," என்றார் பிரசாந். "ஆளை இழுத்து வெச்சிருக்க அந்தக் கல்லுக்குப் பலம் காணாது. அதால கல்லில ஆணி இறக்கி, கயித்தில கட்டிக்கிட்டு வேலை செய்யலாமெண்டு நினைச்சாங்க."

"கயிறு விட்டா, சேர்?"

"விழமாட்டாங்க. போய்க்கிட்டே இருப்பாங்க."

றுஸ்னா தன் கையைப் பார்த்தாள். சுனாமியன்று ஒரு கையால் ஜன்னல் கம்பியையும், மறுகையால் தம்பி ஸிராஜையும் பிடித்திருந்தாள். தண்ணீர் கடலுக்குத் திரும்பியபோது அவன் கை வழுக்கிப் போயிற்று. அடக்கம் செய்ய மய்யித்துக்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு உம்மா அவன் பெயரையே எடுத்ததில்லை.

படத்தில் இரண்டு வீரர்களைக் கல்லோடு கட்டினாள். மூன்றாவது ஆள் எப்படி வந்தான் என்று அவளுக்கே தெரியாது. அழித்தாள். மறுநாள் வரைய உட்கார்ந்தால் கை மறுபடி அவனிடமே போனது. தலைக்கவசக் கண்ணாடிக்குள் ஸிராஜின் முகம்.

"இந்த ஆளுக்குக் கயிறு போட மறந்திட்டீங்களா?" என்று கேட்டார் பிரசாந்.

கயிற்றை வரையத் தொடங்கினாள். அவன் கைக்குப் பக்கத்தில் வந்ததும் அதற்கு மேல் கோட்டை நகர்த்த முடியவில்லை. "இப்பிடியே இரிக்கட்டும், சேர்," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் வற்புறுத்தவில்லை.

கண்காட்சிக்கு உம்மாவை அவள் அழைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு உம்மா தானாகவே வந்துவிட்டார். பெனருக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றார்.

"இது நம்மட ஸிராஜ்தானே?"

"ஓம், உம்மா."

கண்ணாடி முகத்தை உம்மா விரலால் தொட்டார். "அங்க குளிரா இரிக்குமா, புள்ள?"

 றுஸ்னா ஓம் என்று தலையை ஆட்டினாள்.

இப்போது வீட்டில் அவன் பேச்சு ஓய்வதில்லை. எங்கோ தூரத்துக்கு வேலைக்குப் போனவனைப் போலத்தான் உம்மா கதைக்கிறார். இருட்டி, மஃரிப் தொழுகை முடிந்த பிறகும் வாசல் படலையைக் கொளுவிச் சாத்த விடுவதில்லை. கடற்காற்றில் அது கிறீச்சிடும்போது இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒருவரும் எழுந்து போவதில்லை.