மீசை எடுத்துப் பார்த்த படம்

எங்கள் அம்மாவைப்போல ஒரு கெட்டிக்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில், ஒரு புதன்கிழமை, அவளைப்போலப் பொல்லாதவள் உலகத்திலேயே இல்லை என்று அழுதிருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது.

வெள்ளைக்கார துரை ஓடிப்போனதிலிருந்து, மலாயாவின் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது; ஆட்களுக்கு மரவள்ளி நடும் வேலைதான். அன்று காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி முடித்ததும் கங்காணி கூவினார்: "இன்னிக்கு அரை நாள்தான் வேலை. பொழுது சாய ஸ்டோர்ல ஓசிப் படம். லயத்துல ஒருத்தரும் தங்கக் கூடாது, வீடு வீடாப் பாப்போம் லா!" ஸ்டோர் என்பது தேயிலை அரைக்கும் ஆலை. கொழுந்து பறிப்பது நின்றதிலிருந்து பூட்டிக் கிடந்தது.

வாரத்தின் நடுவில் அப்பா பகலிலேயே வீட்டில்! தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடினார். எனக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டார். மனிதர் சரியான படப் பைத்தியம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அரிசி கேட்டா இல்லங்கிறான். படத்த மட்டும் எதுக்கு ஓசியில காட்டுறான்?" குழாயடியில் இதைச் சொன்னபோது பெண்கள் கேலி செய்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சவரக்கத்தியைத் தீட்டினாள்.

"நீங்க ஆம்பளைங்க பக்கம் உக்காரக் கூடாது. எங்ககூட உக்காருங்க."

அப்பாவின் மீசை தோட்டத்திலேயே பேர்போனது. அவர் அதை ஒரு தடவை முறுக்கிவிட்டுக்கொண்டார், பிறகு முகத்தை நீட்டினார். வேறு ஆம்பிளையாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். அவரையும் மெச்சத்தான் வேண்டும். அம்மாவின் பழைய சேலை, இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் சாக்கு, தலையில் முக்காடு. எனக்கு மானமே போயிற்று, அழுதேன்.

"வாயத் தொறந்து அப்பான்னு கூப்பிட்டே, தோல உரிச்சிடுவேன்" என்றாள் அம்மா.

ஸ்டோரில் நடுவே கயிறு கட்டி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திரையில் ஜப்பான் சிப்பாய்கள் நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். அப்பா அதையும் வாய் பிளந்து பார்த்தார்.

பாதியில் படம் நின்றது. ஆண்கள் பக்கத்து வாசலில் லாரிகள் வந்து நின்றன. பெண்களை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் வாசலில் ஒரு சிப்பாய் விளக்கைத் தூக்கி முகம் முகமாகப் பார்த்தான். எங்கள் முறை வந்ததும், அப்பாவின் இடுப்பிலிருந்த தம்பியை அம்மா நறுக்கென்று கிள்ளினாள். அவன் வீரிட்டான்.

"என்னக்கா வேடிக்கை பாக்குற? புள்ளைக்குப் பாலக் குடு!" என்று அப்பாவை அதட்டி, தன் முந்தானையை இழுத்து இருவரையும் மூடினாள். சிப்பாய் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டான். அம்மாடி, என்ன துணிச்சல்!

விடியுமுன்பே அப்பா காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். பெரட்டில் பெண்கள் மட்டுமே நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சிநேகிதி என்னிடம் பீற்றிக்கொண்டாள்: "எங்கப்பா லாரியில சயாம் போறாரு. அங்க ரயில் ரோடு போடுறாங்களாம். தெனமும் படம் காட்டுவாங்களாம்!"

எனக்கு வயிறு எரிந்தது. "உன்னாலதான் எங்கப்பா போகல!" என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் அடிக்கவில்லை. "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்று என் வாயைப் பொத்தினாள். பிறகு அவித்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் அழுகைச் சத்தம் கேட்ட அந்த வீட்டுக்குப் போனாள்.

லாரியில் போக முடிந்த அதிர்ஷ்டக்காரர்களுக்கு எங்கள் கிழங்கு எதற்கு என்று எனக்கு அதற்கும் சேர்த்துக் கோபம்.