மாங்காய் வண்டியும் மூன்று சட்டக் கல்லூரிகளும்

எங்கள் வீட்டில் என்னிடம் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான். "நீ வக்கீலாப் போயிருக்க வேண்டியவ." கணவர் சொல்வார், மகள் சொல்வாள், அவர் வழிச் சொந்தம் மொத்தமும் சொல்லும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், நாற்பத்தோரு வயதில் ஒருநாள், "சரி, போறேன்" என்றேன். நிஜமாகவே சட்ட நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்று தெரிந்ததும், வீட்டில் ஒரு வாரம் என்னிடம் எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள்.

வெறும் வீம்புக்குச் செய்த காரியமில்லை. அதற்கு முந்தைய வருஷம் கொழுந்தனாரின் வேலித் தகராறில் சாட்சி சொல்லச் சித்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் தெலுங்கில், "வேலி போட்டதை உங்கள் கண்ணால்தான் பார்த்தீர்களா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். "என் கண்ணாலதான் சார். உங்க கண்ணைக் கடன் கேக்கலாம்னா நீங்க அன்னிக்கு ஊர்ல இல்ல" என்றேன். நீதிபதி பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தார். கூண்டை விட்டு இறங்கும்போது எனக்குத் தோன்றியது, பதில் சொல்லுகிற இடத்தில் நின்றதெல்லாம் போதும், இனிக் கேள்வி கேட்கிற பக்கம் போய் நிற்கவேண்டும் என்று. வெளியே வந்து டீ குடிக்கும்போதும் அந்த எண்ணம் போகவில்லை.

எனக்கு வேலை சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் வாசலில். சீசன் இருக்கிற வரைக்கும்தான் வேலை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் நீளமாக நிற்கும். வந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டியது நான். முந்திக்கொள்ளப் பார்க்கிறவர்கள், மாமனார் பேரைச் சொல்கிறவர்கள், தூக்கமில்லாமல் எரிந்து விழுகிறவர்கள் எல்லாரோடும் தமிழிலும் தெலுங்கிலும் மல்லுக்கட்டி என் வாய் அங்கேதான் தீட்டப்பட்டது. என் கணவரும் மாந்தோப்புக்காரர். அவரும் இந்த வரிசையில் நின்று டோக்கன் வாங்குவார். புருஷனாச்சே என்று நான் ஒரு வண்டியைக்கூட முன்னால் விட்டதில்லை என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் படித்துத் தேர்வு எழுதினேன். ரேங்க் வந்தது. தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது, தூக்கி எறியவும் மனசு வராது, அப்படி ஒரு ரேங்க். இதில் இன்னொரு சிக்கல். நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ்நாட்டுப் பக்கம், குடியாத்தத்தில் படித்தவள். சித்தூரில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியும், இங்கே சேர்க்கையில் நான் வெளியூர்க்காரிதான். வெளியூர்க்காரர்களுக்கென்று விட்டிருக்கிற கொஞ்சம் இடத்துக்குள்தான் நுழைய முடியும். சரி, பிறந்த பக்கமே போகலாம் என்று கேட்டால் ரேஷன் கார்டு ஆந்திரா. இந்தப் பக்கத்துக்கு நான் அந்தப் பக்கத்துக்காரி, அந்தப் பக்கத்துக்கு நான் இந்தப் பக்கத்துக்காரி.

கவுன்சலிங் தொடங்கியபோது சீசன் முடிந்து வாசலில் ஈ காக்கை இல்லை. கல்லூரிகளை நமக்கு வேண்டிய வரிசையில் இணையத்தில் பதியவேண்டும் என்றார்கள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகள் சத்தியவேட்டிலிருந்து போனில் சொன்னாள். "அம்மா, எட்டாத உயரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கண்டிப்பா கெடைக்கறது ஒண்ணு. மூணு வெச்சிக்கோ." எட்டாத உயரத்துக்கு அவள் விசாகப்பட்டினம் என்றாள். என் கணவர் பக்கத்திலிருந்து, "போய்க்கினு வந்துக்கினு இருக்கற ரயில்லயே படிப்பு முடிஞ்சி பூடும்" என்றார். விசாகப்பட்டினம் அத்தோடு போயிற்று.

தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடியதாக மூன்று கிடைத்தன. முதலாவது திருப்பதியில், மலை தெரிகிற மாதிரி இருக்கும் பழைய கல்லூரி. பாடம் ஒழுங்காக நடக்கும், வகுப்புக்கு வராதவர்களைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள் என்று பேர். அது எனக்கு எட்டாத உயரம். இரண்டாவது, சந்திரகிரி பக்கம் புதிதாக வந்திருக்கிற தனியார் கல்லூரி. மூன்றாவது சித்தூரை ஒட்டியே இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் அதைப் பற்றி ஒரே சந்தோஷத்தோடு சொன்னார்கள்: "அங்க சேர்ந்தா போகவே வேணாம். பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும்." அதில் எனக்கு இடம் கண்டிப்பாகக் கிடைக்கும்.

என் முதல் பட்டம் தபால் வழியில் வாங்கியது. மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தது. ஒரு வகுப்பில் உட்கார்ந்து, ஒருவர் முன்னால் நின்று பாடம் சொல்ல, எழுந்து சந்தேகம் கேட்கிற சுகம் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. இப்போது மறுபடி தபாலில் வந்த மாதிரி ஒரு வக்கீல் பட்டம் வாங்குவதா என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் வாயைத் திறந்து அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய் தனக்கென்று கேட்க வரும்போது மட்டும் ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் என் கணவரின் மாங்காய் அறிவு உள்ளே வந்தது. "மொதல்ல எவன் கண்டிப்பா எடுத்துக்குவானோ அவன்கிட்ட வண்டிய வுடணும்" என்றார். "பெரிய ஃபேக்டரி நல்ல வெலை குடுக்கறான்னு அங்க போய் வரிசைல நின்னுக்கினு இருந்தா, காய் கனிஞ்சி பூடும். அப்புறம் அவனும் வாணாம்னுவான், அடுத்தவனும் வாணாம்னுவான். ரோட்டோரம் கொட்டிட்டு வர வேண்டியதுதான்." இதை மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. அப்படிக் கொட்டிவிட்டுப் போன வண்டிகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டோக்கன் கொடுக்கிற எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டருக்குப் போனோம். முதலில் சித்தூர், அடுத்தது சந்திரகிரி, கடைசியில் திருப்பதி என்று பதியச் சொன்னோம். சென்டர்காரர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆர்டர் இதேனா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். "இதே, இதே" என்று என் கணவர் பதில் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவருக்கு ஏக குஷி. ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை, எண்ணெய் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வரிசையை மாற்ற அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். என் போனில் அதைத் திறந்து பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"யாரு இப்டி தலகீழா போட்டது?"

"நைனாதான்" என்று அவள் அப்பாவை உடனே காட்டிக்கொடுத்தேன்.

அவர் தன் மாங்காய்ப் பாடத்தை மறுபடி ஆதியிலிருந்து தொடங்கினார். மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நைனா, இங்க காய் கனியாது" என்றாள். "வண்டி ஒண்ணுதான். ஆனா ஒரே நேரத்துல மூணு ஃபேக்டரி வாசல்லயும் நிக்குது. மேல இருக்கறவன் வாணாம்னா அந்த நிமிஷமே அடுத்தவன்கிட்ட போவும். காய் அதே பச்சையாதான் இருக்கும். ஆனா மேல இருக்கறவன் எடுத்துக்கினா, கீழ இருக்கறவங்கள கேக்கவே மாட்டாங்க. நீ சித்தூர மேல வெச்சிட்ட. திருப்பதில எடம் இருந்தாக்கூட அம்மாவுக்குக் கெடைக்காது."

அவர் மூன்று வாசலையும் விரல் விட்டு எண்ணினார். "அப்ப கண்டிப்பா கெடைக்கறத கடைசில வெச்சாலும் அது எங்கயும் ஓடிப் பூடாதா?"

"ஓடாது. அது அங்கயேதான் இருக்கும்."

"இது தெரிஞ்சிருந்தா நான் மாங்காய் வித்தே பணக்காரனா ஆயிருப்பன்" என்றார்.

மகள் போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா, எது கெடைக்கும்னு இதுல கேக்கல. எது மொதல்ல வேணும்னு கேக்கறாங்க. நீ சொல்லு."

நான் போனை எட்டிப் பார்த்தேன். எது கிடைக்கும் என்று பார்த்து அதை வேண்டுமென்று சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. கல்யாணம், வேலை, வீடு, எல்லாம் அப்படி வந்தவைதான். நன்றாகவே வந்தன, குறை ஒன்றும் இல்லை. ஆனால் கண்டிப்பாகக் கிடைப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உனக்கு எது வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது கண்ணில் நீர் முட்டியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருக்கற?" என்றார் கணவர். "டோக்கனுக்கு அந்தக் கத்து கத்துற. சொல்லு, எது வேணும்?"

"திருப்பதி" என்றேன். "திருப்பதிதான் வேணும். கிளாஸ்ல உக்காந்து படிக்கணும்."

"இத அன்னிக்கே சொல்லறதுக்கு இன்னா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் மகளிடம், "மேல ஏத்து, மேல ஏத்து" என்று மட்டும் சொன்னார். அவள் திருப்பதியை மேலே ஏற்றினாள், சித்தூரைக் கடைசிக்கு இறக்கினாள். மூவரும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு முடித்தோம். அன்றைக்கு ராத்திரி சோறு நன்றாக இறங்கியது.

அடுத்து வந்த நாட்களில் என்னைப் பிடிக்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். காய்கறிக்காரர், கேபிள்காரர், பால்காரர் யாரையும் விட்டுவைக்கவில்லை. வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, அந்தப் பயம்தான். என் கணவரோ விடிந்ததும் போனை எடுத்து, "வண்டி எந்த வாசல்ல நிக்குது?" என்று மகளிடம் கேட்பார். ஒருநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டு, "நைனாவ கூப்ட்டு ஸ்பீக்கர்ல போடு" என்றாள். "பெரிய ஃபேக்டரிக்காரன் எடுத்துக்கினான்!" என்று கத்தினாள். இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பெங்களூராவுக்கு நல்ல விலை வந்த வருஷம்கூட அப்படிச் சிரித்ததில்லை. நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

முதல் நாள் விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டும்போது டிபன் டப்பாவைத் திறந்து இட்லியைத் தின்று முடித்தேன், வகுப்பில் வயிறு கத்தக்கூடாது என்று. வகுப்பில் பெரும்பாலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து வணக்கம் வைத்தார்கள். "உக்காருங்கப்பா, நானும் ஸ்டூடண்ட்தான்" என்று தெலுங்கில் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆசிரியர் வந்தார். பெயர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டு வந்தவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு விசாகப்பட்டினம் கிடைக்கவில்லையாம். ஒருத்திக்கு ஹைதராபாத். அவர்களுக்கெல்லாம் இது கடைசியில் பதிந்து வைத்த இடம், கண்டிப்பாகக் கிடைக்கும் என்று வைத்த இடம். அந்த வகுப்பிலேயே என் ஒரு கைதான் மேலே இருந்தது.

"ஏன் மேடம்?" என்றார் அவர்.

"இங்க தினமும் பாடம் நடக்கும்னு சொன்னாங்க சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எழுந்து போர்டில் தலைப்பை எழுதத் தொடங்கினார், நான் பேனாவைத் திறந்தேன்.