தறிச் சத்தத்தோடு போன குரல்

இரைச்சலே இல்லாத பழைய டேப்பை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை... சந்தேகம்.

கொண்டுவந்தவர் தாமோதரன். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். அப்பா தொடங்கிய தொழில். இப்போது ஆண்டு விழா. நான் நிருபராக இருந்தபோது அந்தத் தறிக்கூடத்தின் ஆபீஸ் ரூமில் எடுத்த பேட்டி ஒன்று என்னிடம் கேசட்டில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு கேட்டு வாங்கிப் போனார். இப்போது கேசட்டோடு ஒரு லேப்டாப்பும் வந்திருந்தது.

"தறிச் சத்தம் கேக்குதுங்களா பாருங்க! திருப்பூர்ல ஒரு ஸ்டுடியோவுல குடுத்தேனுங்க. சாஃப்ட்வேர்ல போட்டுத் தொடச்சுப்போட்டாங்க."

கேட்கவில்லைதான். மயில்சாமியின் குரல் மட்டும், எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது. "பெல்ட் கவரை நாந்தானுங்க கழட்டிப்போட்டேன். மொதலாளி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

மயில்சாமி அங்கே தறி ஓட்டியவர். பாதுகாப்புக் கவர் இல்லாமல் ஓடிய தறி பெல்ட்டில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போயிற்று. அந்தப் பேட்டி பேப்பரில் வந்த பிறகு 'கவனமில்லாத ஆள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு தறிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. போன வருடம் காலமானார்.

"இதை மேடையில போடப் போறமுங்க. அவரு மக ருக்மணியக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துறோம். அப்பா குரலைக் கேட்டா அம்மணி அழுதுபோடும்."

"அவங்களுக்கு இது தெரியுங்களா?"

"சர்ப்ரைஸுங்க!"

சரி, என்னிடம் எதற்கு? 'இது நான் பதிவு செய்த பேட்டிதான்' என்று விழா மலருக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்.

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. மயில்சாமி இப்படிக் கடகடவென்று பேசுகிறவர் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தரையைப் பார்ப்பார். அந்த இடைவெளிகள் எங்கே?

பீரோ மேலிருந்த பழைய டூ-இன்-ஒன்னை இறக்கி, கேசட்டைப் போட்டேன்.

"அது எதுக்குங்க, வெறும் கொரகொரங்கும்" என்றார் தாமோதரன்.

கொரகொரவென்றுதான் இருந்தது. பக்கத்து ஷெட்டில் தறிகள். என் கேள்வி. பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் — இன்னொரு குரல்.

"கவரை நாந்தான் கழட்டிப்போட்டேன்னு சொல்லு மயிலு."

அதற்கப்புறம்தான் மயில்சாமி. அடுத்த கேள்வி. மறுபடியும் அதே குரல்: "மொதலாளி மேல தப்பில்லைன்னு சொல்லு." மயில்சாமி சொன்னார்.

தாமோதரன் லேப்டாப்பை மூடினார். அப்பாவின் குரல் தெரியாத மகன் உண்டா?

"ஸ்டுடியோக்காரன் கேட்டானுங்க... ரெண்டு பேரு பேசறாங்க, யாருதை வெக்கறதுன்னு. மயில்சாமிது போதும்னுட்டேன்" என்றவர், என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார். "அவரு கூச்சப்படற ஆளுங்க. அப்பா சும்மா எடுத்துக் குடுத்திருக்காரு."

"கூச்சப்படறவருக்குத் தப்பையுமா எடுத்துக் குடுப்பாங்க?"

அவர் பையைத் திறந்து, லேமினேட் செய்த பேப்பர் கட்டிங் ஒன்றை மேஜையில் வைத்தார். என் பெயர் போட்டு வந்த செய்தி.

"நீங்களும் அந்த ரூம்லதானுங்க இருந்தீங்க. இதுல எங்கப்பா குரல் எங்கீங்க?"

இல்லை. 'கவரை நான்தான் கழற்றினேன் என்றார் மயில்சாமி' — அவ்வளவுதான். முன்னால் வந்த குரல் அன்று என் காதிலும் விழுந்தது. 'அவர் வாயால் சொன்னார், எழுதுகிறோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. சாஃப்ட்வேர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பால்பாயின்ட் பேனா அந்த வேலையை முடித்துவிட்டது. கவரை உண்மையில் கழற்றியது யார்? தெரியாது. நான் கேட்கவே இல்லை.

தாமோதரன் கேட்ட ஒரு வரியை நான் எழுதித் தரவில்லை. அவர் போனதும் ருக்மணிக்கு போன் செய்து டேப்பில் இருப்பதைச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியுமுங்க" என்றார். "அப்பா கடைசி வரைக்கும் சொல்லுவாருங்க, பேப்பர்காரரும் கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தாருன்னு."

கேசட்டை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "தொடைக்காத கேசட்டுதானுங்களே?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். என் மேல் சந்தேகம். நியாயம்தான்.

பேப்பரில் பிழை வந்தால் மறுநாளே ஒரு மூலையில் திருத்தம் போடுவது வழக்கம். இது கொஞ்சம் தாமதமாகிவிட்டது...

திருத்தம்: மயில்சாமி சொன்னதாக நான் எழுதிய அந்த வரி, மயில்சாமியுடையது அல்ல.